அணைஞ்சுட்டுன்னு நினைச்ச வண்டி

இன்னைக்குக் காலைல நடந்ததக் கேளுங்க மக்கா.

நம்ம பழைய ஹைபிரிட் காரு இருக்குல்லா? திருவேங்கடம் ரோட்டுல வரும்போது டேஷ்போர்டு டிஸ்ப்ளே மொத்தமா இருண்டு போச்சு. ஸ்பீடு தெரியல, கியரும் தெரியல. பயந்து போய் மெக்கானிக் அண்ணாச்சி ஷெட்டு முன்னால நிறுத்தி, பவர் பட்டன அமுக்குனேன்.

"ஆஃப் பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டேன் அண்ணாச்சி."

மெதுவாப் போனா பேட்டரில ஓடுத வண்டி, நின்னாலும் ஓடுனாலும் சத்தமே கிடையாது.

"கண்ணு பட்டிருக்கு. முதல்ல பழத்த வைப்போம்"னு குனிஞ்சு, முன் டயருக்கு அடில எலுமிச்சம்பழத்த வச்சாரு. நான் இறங்கலாம்னு பிரேக்குலருந்து கால எடுத்தேன்.

பழம் நசுங்குத சத்தம் கேட்டுச்சு.

பிரேக்க மிதிச்சுட்டேன். எட்டிப் பாக்கத்தான் தைரியம் வரல. "அண்ணாச்சி, விரலு?"ன்னேன்.

அவரு பத்து விரலையும் விரிச்சுப் பாத்துக்கிட்டே எந்திரிச்சாரு. "ஏம்மா, இது அணையவே இல்ல, கியர்லயே நிக்கி!"

டிஸ்ப்ளே போனா சில சமயம் பட்டனும் கேக்காதாம். பேட்டரி வயரக் கழத்தி மாட்டுன பெறகுதான் டிஸ்ப்ளேல வெளிச்சம் வந்துச்சு.

கிளம்பும்போது இன்னொரு பழத்த என் கையில குடுத்து, "நீயே வச்சுக்கோம்மா"ன்னுட்டாரு.

டயருக்கு அடில வைக்க யாரு வாரீங்க? ஸ்டியரிங்ல நான் இருப்பேன்.