பி.ஏ. படித்த கைநாட்டு

பிரிசில்லா பி.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. இந்த விஷயத்தை அவள் பதினோரு வருஷமாகத் திருட்டு நகையைப் போல ஒளித்து வைத்திருந்தாள்.

ஒளிக்கச் சொன்னவள் லூர்துமேரி. ஜீவனஹள்ளியில் பக்கத்து வீடு. அவளும் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்தவள்தான். தொம்மலூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனவள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தோ பாரு, படிச்சிருக்கேன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. படிச்சவள, கம்பெனிக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் சேத்துக்க மாட்டான். கேள்வி கேப்பா, சங்கம் வெப்பான்னு பயம் அவனுக்கு. இங்க் பேட நீட்டுனா கட்டவெரல வெச்சிட்டு கம்முனு வந்துடு."

பிரிசில்லா வைத்தாள். சுரங்கத்தை மூடி வேலை போன பிறகும் பெயிண்ட் அடிக்கப் போய் அவளைக் கல்லூரிக்கு அனுப்பினவர் அவள் அப்பா. மகள் கட்டைவிரலை மையில் அழுத்துவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லாமல் போனதே நல்லது.

அவளுக்கு இது புதிதும் இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில், பஜ்ஜி கட்டி வந்த காகிதத்தை அவள் பிரித்துப் படிப்பதைப் பார்த்த மாமியார், "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். புருஷன் தாஸ் நல்லவன்தான்; ஆனால் நாலு பேர் நடுவில் அவள் பேப்பரை விரித்தால் அவன் முகம் சுண்டிப்போகும். சர்ச் கூட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்டதற்கு, "ரொம்பப் படிச்சா விசுவாசம் கொறஞ்சிடும் சிஸ்டர்" என்று பதில் வந்தது. படிப்பு, படிப்பு என்று மைக் வைத்துக் கத்துகிற ஊர் இது. பிள்ளை மார்க் எடுத்தால் சந்துமுனையில் பிளெக்ஸ் கட்டுவார்கள். அதே பிள்ளை படித்ததை வைத்து ஒரு கேள்வி கேட்கட்டும், திமிர் என்பார்கள். மார்க் வேண்டும் இவர்களுக்கு, மூளை வேண்டாம். தூ!

கம்பெனிக்குள் இன்னும் வேடிக்கை. மாடிக்கு மாடி கண்ணாடிச் சட்டத்தில், கற்பதை ஒருநாளும் நிறுத்தாதே என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். தினமும் அதைத் துடைப்பது பிரிசில்லாவின் வேலை. துடைக்கும்போது எழுத்தின் மேல் கண்ணை ஓட்டாமலிருக்கப் பழகிக்கொண்டாள். படிக்கத் தெரியாதவள் போல நடிப்பதுதான் படிப்பதைவிடக் கஷ்டம்.

போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அடித்தளத்து ஸ்டோர் ரூமில் புது கேன்கள் வந்து இறங்கியிருந்தன. ஒன்றில் டாய்லெட் ஆசிட், மற்றதில் பிளீச்சிங் தண்ணீர். இரண்டின் மேலும் எறும்பு போன்ற எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி: இரண்டையும் கலக்காதே, கலந்தால் விஷவாயு வரும். பிரிசில்லா படித்தாள். பக்கத்திலேயே வள்ளியம்மா, மாடியில் போய் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கழுவ இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஐம்பது தாண்டியவள், வேலையில் கெட்டிக்காரி, கறை என்று ஒன்றைப் பார்த்தால் விடமாட்டாள்.

இரண்டடி தள்ளி சூப்பர்வைசர் நரேஷ் நின்றிருந்தான். பிரிசில்லா குரலைத் தாழ்த்தி, "அக்கா, நெடி அடிக்கும், ஒண்ணு மட்டும் ஊத்திக்கக்கா" என்றாள்.

"உனக்கு இன்னாடி தெரியும்? நீயும் என்னாட்டம் கைநாட்டுதான?" என்று வள்ளியம்மா சிரித்தாள்.

டப்பாவில் எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் வாயைப் பொத்திவிட்டது.

அரைமணி நேரம் கழித்து மூன்றாவது மாடிக் கழிவறையில் வள்ளியம்மா சுருண்டு கிடந்தாள். கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மூச்சு விசிலடித்தது. மாஸ்க் கிடையாது, கையுறை கிடையாது. கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள்.

மறுநாள் காலை நரேஷ் பெண்களை வரிசையாக நிறுத்தினான். கையில் ஒரு தாள், மேஜைமேல் இங்க் பேட்.

"வள்ளியக்கா ஆஸ்பத்திரி செலவ கம்பெனி பாத்துக்கும்னு எழுதியிருக்கு. சாட்சிக்கு எல்லாரும் ஒரு ஹெப்பெட் வைங்க. பேக, பேக."

கைநாட்டுக்குக் கன்னடத்தில் ஹெப்பெட், சீக்கிரத்துக்கு பேக. முதல் ஆளே பிரிசில்லா. குனிந்தவள் கண் தானாக இங்கிலீஷ் வரிகளில் ஓடியது. அதில் செலவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வள்ளியம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தோம், மாஸ்க் கொடுத்தோம், அவளே கழற்றி எறிந்துவிட்டு வேண்டுமென்றே கலந்தாள் என்று இருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நரேஷின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். இது பொய் என்று இங்கிலீஷில் தாளின் குறுக்கே எழுதி, கீழே முழுப்பெயரையும் பி.ஏ. என்ற இரண்டெழுத்தையும் போட்டாள். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் உரக்கச் சொன்னாள்.

"ஓதக்கே பருத்தா நினகே?" உனக்குப் படிக்க வருமா என்று கேட்ட நரேஷின் முகம் வெளிறிப்போனது. திருடியைப் பிடித்திருந்தால்கூட அவன் அப்படிப் பயந்திருக்க மாட்டான். "படிச்சத மறைச்சி வேலைக்குச் சேந்திருக்கியா? இது சீட்டிங்!"

"ஆமாண்டா, படிச்சிருக்கேன்! கொலையா பண்ணிட்டேன்?"

வரிசையில் பின்னாலிருந்து லூர்துமேரி முன்னே வந்தாள். "நானும் எஸ்எஸ்எல்சி பாஸ். பேனாவ இங்க குடு" என்றாள். பிரிசில்லாவுக்கே அது தெரியாது. பதினோரு வருஷம் ஒரே சுவர், ஒரே பஸ்! அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பியூசி, அதாவது ப்ளஸ் டூ, முடித்தவர்கள் என்றார்கள். அன்று அந்தத் தாளில் ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை.

நாலு பேரையும் சாயங்காலமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஏமாற்றிச் சேர்ந்தார்களாம்!

மறுநாள், தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு பிரிசில்லா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வள்ளியம்மா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் படித்துக் காட்டிவிட்டு, புகாரில் எழுதாத ஒன்றையும் பிரிசில்லா சொன்னாள்.

"அக்கா, அந்த டப்பாவுல கலக்கக் கூடாதுன்னு போட்டிருந்துது. நான் அப்பவே படிச்சேன்."

வள்ளியம்மா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுமாடி சொல்லல?"

பிரிசில்லா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"படிச்சவளப் பாத்து ஏஜென்சிக்காரன் பயந்தான், சரி. படிச்ச நீ இன்னாத்துக்குடி பயந்த?"

மூச்சு வாங்கி வாங்கி வள்ளியம்மா மறுபடி பேசினாள்.

"புகார்ல கைநாட்டு வெக்க மாட்டேன். எனக்கு எழுத சொல்லிக் குடு."

"பேர் எழுதக் கத்துக்கக்கா. ரெண்டு நாள்ல வந்துடும்."

"பேர் மட்டும் எதுக்குடி? அந்த டப்பாவுல இருந்த எழுத்து அத்தினியும் வேணும். இங்கிலீஷும்தான். எவளோ ஒருத்தி படிச்சிட்டு சொல்லுவான்னு நான் இனிமே நம்ப மாட்டேன்."