சரோஜா கேட்டது அவர் பேச்சைத்தான்

சேதுராமன் சார் இறந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்தேன். பேருந்து நிறுத்தச் சுவரில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கண்ணில் படும் எந்த எழுத்தையும் நான் விடுவதில்லை. எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் தடங்கல் இல்லாமல் படித்து முடித்தேன். அவ்வளவு மகிழ்ச்சி. அதன்பிறகுதான் என்ன படித்தேன் என்பது உறைத்தது.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் விலங்கியல் பேராசிரியர். எனக்கு மிராசுதார் மகன். நாங்கள் அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். என் மனைவி சரோஜா யார் பேச்சையாவது கேட்டாள் என்றால் அது அவர் பேச்சு மட்டும்தான். எனவே பொறாமையோடுதான் எழுதுகிறேன். அவருக்கும் அது தெரியும்.

பல வருடங்களுக்கு முன் எங்களை நிலத்திலிருந்து வெளியேற்ற அவர் அப்பா வழக்குப் போட்டிருந்தார். ஆட்சி மாறியது, கொடி மாறியது, வழக்கு மட்டும் அப்படியே கிடந்தது. ஒரு சம்பா அறுவடையில் அவர் அப்பா ஆட்களை வயலில் இறக்கினார். நாங்கள் அரிவாளோடு போய் வரப்பில் நின்றோம். அந்தச் சமயத்தில்தான் சரோஜாவுக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தது. இன்சுலின் போடாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மருந்தை மாட்டின் வயிற்றிலிருந்தோ பன்றியின் வயிற்றிலிருந்தோ எடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொல்லிவிட்டாள். அந்த நாளில் அது உண்மையும்கூட.

"மாட்ட வச்சுத்தான் பொழைக்கிறேன். அது வயித்தக் கிழிச்சு எனக்கு மருந்தா? காலு போனா போவட்டும்" என்றாள் சரோஜா. கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அசையவில்லை.

கேள்விப்பட்டு சேதுராமன் சார் எங்கள் களத்துக்கு வந்தார். அதுவரை அந்த வீட்டிலிருந்து எங்களைத் தேடி வந்தது நோட்டீஸ் கொடுக்கும் கோர்ட்டு அமீனா மட்டும்தான். நான் நெல்லுக்கட்டு கட்ட வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தேன். ஊசி வேண்டாம் என்று வீடு திரும்பிய சரோஜா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காரலாமாங்க?" என்றார்.

"உங்க எடம்தானே சார்? கோர்ட்டுல அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றாள் சரோஜா.

அவர் சிரித்துக்கொண்டே வைக்கோலில் உட்கார்ந்தார். என் பிரியைக் கையில் எடுத்தார். "இப்படி ரெண்டு இழையா முறுக்கின ஒண்ணு எல்லா உயிருக்குள்ளயும் இருக்குங்க. உடம்பு இன்சுலினை எப்படிச் செய்யணும்கிற குறிப்பும் அதுலதான் இருக்கு. சில கிருமிங்ககிட்ட ஒரு நொதி உண்டு. அது கண்ட எடத்துல வெட்டாது. தனக்குன்னு ஒரு அடையாளம் எங்க இருக்கோ அங்கதான் வெட்டும்."

பிரியின் ஒரு இழையைச் சற்று முன்னும் மற்ற இழையைச் சற்றுப் பின்னுமாக அறுத்துக் காட்டினார். அப்படி அறுத்த நுனிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமாம். ஒரு கிருமியின் இழையை அந்த நொதியால் திறந்து, மனிதருக்குரிய குறிப்பை நடுவில் சேர்த்துவிட்டால், கிருமி பெருகப் பெருக மனித இன்சுலினைச் செய்துகொண்டே இருக்குமாம். அந்தப் புது மருந்து இப்போது கடைக்கு வந்துவிட்டது என்றார்.

"மாடு இல்லியா?"

"இல்லீங்க."

"பன்னி?"

"அதுவும் இல்லீங்க."

சரோஜா விடவில்லை. "கிருமிக்கு எதுக்கு சார் அரிவாளு?"

"வைரஸ் உள்ள நொழைஞ்சா துண்டு போடறதுக்கு."

"உங்கப்பா ஆளுங்க எறங்குனப்ப நாங்க எடுத்தோமே, அப்படியா?"

அவர் முகம் மாறவில்லை. "அதேதாங்க" என்றார்.

"அப்ப தன்னையே அறுத்துக்காதா?"

"தன் இழையில முன்னாடியே குறி வச்சுக்கும். குறி இருந்தா நொதி தொடாது."

சரோஜா யோசித்தாள். "சரி, போட்டுக்கறேன்" என்றாள். பிரி என்னுடையது, களத்தில் வியர்த்தது நான், பெண்டாட்டியும் என்னுடையவள். பேர் மட்டும் அவருக்கு!

அவள் அண்ணன் கத்தினான். "எதிராளி பேச்சக் கேட்டு ஊசி போடுறியா? கேஸு என்னாவறது?"

"கேஸு ஒங்களுது. காலு என்னுது" என்றாள்.

புண் மெல்ல ஆறியது. அதன்பின் அறுவடைக்கு அறுவடை வருவார். வயிற்றுப் பிள்ளைக்குப் பரம்பரை ரத்த நோய் உண்டா என்று அதே நொதிகளை வைத்துக் கண்டுபிடிப்பதைச் சொல்வார். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நாமே சொல்லியனுப்பக்கூடிய புதிய கத்திரியைப் பற்றியும் சொன்னார். "வெட்டறது பெரிசில்லீங்க, எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் பெரிசு" என்பார். நான் நூறு தடவை கேட்டதை சரோஜா நூற்றியோராவது தடவை எனக்கே சொல்லித் தருவாள்.

ஒரு வருத்தம் உண்டு. வழக்கில் அவர் எங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டபோது, "அப்பா இருக்கறவரைக்கும் என்னால முடியாதுங்க" என்றார். அப்பா போன பிறகும் பேசவில்லை. வழக்கு நடத்த ஆளில்லாமல் தானே ஓய்ந்தது. அதில் எனக்குக் கோபம் தீரவில்லை.

சுவரொட்டியைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "நீங்க தப்பாப் படிச்சிருப்பீங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வாய்க்கால் கரையில் அவள் அழுதுகொண்டே முன்னால் போனாள். "நான் போனாலும் இப்படி அழுவியா?" என்று கேட்டேன்.

"கேக்கற நேரமா இது? வேகமா வாங்க, எடுத்துடப் போறாங்க."

என்னால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. சேதுராமன் சாருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய அந்த இரண்டு கால்கள்தான். அன்று அவையும் என்னைப் பின்னால் விட்டுவிட்டு அவர் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.