க்ளட்ச் இல்லாத காரும் சங்கரனும்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், தன் வீட்டிலேயே, சங்கரன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்பது ஒரு பழைய ஃபியட். அதில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் உண்டு. கார் குலுங்காமல் கிளம்ப வேண்டுமென்றால் இடது கால் மெல்ல, மிக மெல்ல எழ வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் சொல்வார். அந்த வட்டாரத்தில் கார் ஓட்டிய பெண்களில் பெரும்பாலானோர் அவரிடம் கற்றவர்கள்.

மனைவி ஜலஜாவுக்கு மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய இடது கால் சூம்பிப்போயிருந்தது. "க்ளட்ச் மிதிக்கணுமே, உன்னால எப்படி முடியும்?" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அடையாற்றில் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவளைத் தினமும் அவரே கொண்டுபோய் விட்டார், அவரே அழைத்துவந்தார். கல்லூரி வாசலில் அவள் தனக்காகக் காத்து நிற்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

1994இல் ஒரு நாள் ஜலஜா முகமெல்லாம் மலர வீட்டுக்கு வந்தாள். அவளோடு வேலைபார்த்த குல்ஷனின் வீட்டில் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருந்தது. 1951ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில், ஸ்டியரிங் இடது பக்கம். ஷெட்டில் கிடந்த அதைக் குல்ஷனின் அண்ணன் கலீமுல்லா, ராயப்பேட்டையில் மெக்கானிக், மறுபடி ஓட வைத்திருந்தார்.

"ஏன்னா, அதுல க்ளட்சே கிடையாது! வலது கால் மட்டும் போறும். உள்ளே எண்ணெய் சுழன்று இழுக்கறதாம், கியர் தானா மாறிக்கறதாம். ரெண்டாம் உலக யுத்தத்துல அமெரிக்கா எறங்கறதுக்கு முன்னாடியே இதை வித்துண்டிருந்தாளாம். அப்புறம் டாங்கியிலகூட வெச்சாளாம். கலீம் பாய் சொன்னார்."

"அதெல்லாம் காரா? பெரிய பொம்மை," என்றார் சங்கரன்.

ஜலஜா வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு குல்ஷனோடு திருவான்மியூர் கடற்கரைச் சாலைக்குப் போய், கலீமுல்லாவிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

சங்கரனுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டின்போது "கலீம் பாய் சொன்னார்" என்று அவள் ஆரம்பித்தாலே கையிலெடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிடுவார். கலீமுல்லா தப்பான ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லித்தந்த தன்னை விட்டுவிட்டு, தன் பெண்டாட்டி வேறொருவர் சொல்கேட்டு ஸ்டியரிங் பிடிக்கிறாளே என்பதுதான் நெஞ்சை அரித்தது. ஒரு ஞாயிறு, பிள்ளையார் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். சவுக்குமர மறைவில் நின்று பார்த்தார். அந்தப் பெரிய கார் தண்ணீரில் படகு போல, துளிக் குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. ஜன்னல் வழியே ஜலஜாவின் சிரிப்பு கேட்டது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

பொறுக்க முடியாமல் நேரே போய்க் காரை மறித்தார். "இறங்கு. நான் ஓட்டிப் பாக்கறேன்."

"வா சார், உக்காரு," என்றார் கலீமுல்லா. ஜலஜா பின்சீட்டுக்குப் போனாள்.

கார் கிளம்பி வேகம் பிடித்தது. கியர் மாற்ற வேண்டிய கட்டம் என்று உடம்புக்குத் தோன்றியதுமே சங்கரனின் இடது கால் பழக்கத்தில் க்ளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். கார் அலறி நின்றது. கலீமுல்லாவின் நெற்றி முன்கண்ணாடியில் மோதி ரத்தம் கசிந்தது.

"ஒண்ணும் ஆவல சார். க்ளட்ச் வண்டி ஓட்னவங்க அல்லாரும் மொதல்ல இப்டித்தான் மிதிப்பாங்க," என்று கைக்குட்டையை அழுத்திக்கொண்டார் கலீமுல்லா.

ஜலஜா திட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்: "இந்த மாதிரிக் கார் உண்டுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமோ?"

மவுண்ட் ரோட்டில் தூதரகக் கார்களை அவர் எத்தனையோ தடவை பார்த்திருந்தார். அவற்றில் பல க்ளட்ச் இல்லாமல் ஓடுபவை என்பதும் தெரியும்.

"தெரியும்," என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல நாட்கள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாட்களில்தான் சங்கரன் ராயப்பேட்டைக்குப் போய்க் கலீமுல்லாவிடம் மன்னிப்புக் கேட்டார். லைசென்ஸ் பரீட்சைக்கு ஜலஜாவைத் தயார்செய்ததும் சங்கரன்தான்; சாலை விதிகளில் அவள் ஒன்றில்கூடத் தவறவில்லை.

குல்ஷன் குடும்பம் காரை ஜலஜாவுக்கே கொடுத்தது. அவள் ஓட்ட, சங்கரன் வலது பக்கம் வெறுங்கையோடு உட்கார்ந்து போனார். லஸ் முனையில் எல்லோரும் அவளையே பார்ப்பது அவருக்கு உறுத்தாமல் இல்லை. கடைசிவரை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

பிறகு பட்டினப்பாக்கத்திலிருந்து இசக்கியம்மாள் என்ற பெண் வந்தாள். விபத்தில் இடது காலை இழந்தவள். ஸ்கூல் வாசலில் ஊன்றுகோலோடு நின்று, "க்ளட்ச் இல்லாத வண்டி ஓட்றாங்களே, அந்த ஜலஜா டீச்சர் கீறாங்களா? அவங்ககிட்ட கத்துக்கணும்," என்று கேட்டாள்.

"நான்தான் இங்க வாத்தியார்," என்று சொல்ல சங்கரனுக்கு வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளே திரும்பி, "ஜலஜா, உன்னைத்தான் கேக்கறா," என்றார்.