பேர் தெரியாத ஹோட்டலுக்கு ஒரு விலை

போன மாதம் ஒரு ஹோட்டல் ரூமை நாங்கள் விலை பேசி எடுத்தோம். எந்த ஹோட்டல் என்று தெரியாமலே.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன். அப்புறம்தான் பயம் வந்தது.

என் தங்கை சரோஜாவின் மகள் நிர்மலாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். பையன் பிரபாகர், சென்னையில் இன்ஜினியர். கல்யாண வெப்சைட்டில் கிடைத்த இடம். ஜாதகம் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எங்கள் அப்பா சுவரில் புத்தர் படத்தை மாட்டிய அன்றே அதையெல்லாம் இறக்கிவிட்டார். மற்ற கெடுபிடிகள் மட்டும் ஒன்றுகூட இறங்கவில்லை. சனிக்கிழமை வருவார்கள். பெண் பிடித்துவிட்டால் ஞாயிறு காலை பூ வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். நடுவில் ஒரு ராத்திரி.

பையனின் தாய்மாமன் போனில் ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "நாங்க எங்க வேணா படுத்துப்போம் சார்... எங்க அக்காவுக்குத்தான் லாட்ஜெல்லாம் ஒத்துக்காது."

இதற்கு என்ன அர்த்தம்? ஸ்டார் ஹோட்டல் என்று அர்த்தம்.

பெங்களூரில் ஸ்டார் ஹோட்டலா! வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்க இறங்க, இந்த ஊரில் ஒரு கட்டிலின் வாடகை வானத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சரோஜாவின் கணவர் தனபால் ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கியவர், ஜீவனஹள்ளியில் சின்னதாக ஒரு வீடு. சில ஹோட்டல்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"மச்சான், அவன் சொல்றது ஒரு நாளைக்கா, ஒரு மாசத்துக்கா?"

அப்போதுதான் நிர்மலா சொன்னாள்: "நெட்ல பிட் பண்ணலாம்பா."

நிர்மலா சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாள். அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறாள் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை... அது இலவசமாகவே கிடைக்கிற வீடு.

அவள் விளக்கினாள். ஒரு வெப்சைட் இருக்கிறது. ஊரில் எந்தப் பக்கம், எத்தனை ஸ்டார், என்ன தேதி -- இதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். பிறகு நம் விலையை நாமே சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ஹோட்டல் ஒத்துக்கொண்டால் கார்டிலிருந்து பணம் போய்விடும். அதற்கப்புறம்தான் ஹோட்டல் பேர் தெரியும். பிடிக்கவில்லை என்றாலும் கேன்சல் கிடையாது.

"பேரை ஏன் மறைக்கறான்?" என்றேன். நல்ல பேர் இருக்கிறவன் எதற்காகப் பேரை மறைக்க வேண்டும்?

"சீப்பா குடுத்தது வெளியில தெரியக் கூடாதுல்ல மாமா. சனி, ஞாயிறுல ஆபீஸ் ஆளுங்க வரமாட்டாங்க. ரூம் சும்மாதான கிடக்கும். சும்மா கிடக்கறதுக்கு வந்த வரைக்கும் லாபம்னு குடுத்துடுவான்."

நியாயமாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காக்ஸ் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, எங்கள் வீட்டு ஆட்கள் நாலு பேர். நிர்மலா கார்டு நம்பரை அடிக்கும்போது தனபால் கர்ச்சீப்பை விரித்து கீபோர்டை மறைத்துக்கொண்டு நின்றார். யாரிடமிருந்து மறைத்தார்? நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"எவ்ளோம்மா போடறது?"

"மூணுல ஒரு பங்கு கேளு" என்றாள் சரோஜா. சிவாஜிநகர் மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரரும் அவளைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் விலையே சொல்வார். அங்கே அதற்கொரு தாளம் உண்டு. இவள் கேட்பாள். அவர் தலையில் கை வைப்பார். "நை அம்மா, கட்டாதும்மா" என்பார். இவள் கிளம்புவாள். பத்தடி போனதும் பின்னாலிருந்து கூப்பிடுவார். அந்தக் கூப்பிடுதலுக்குப் பிறகுதான் வியாபாரமே தொடங்கும்.

நிர்மலா விலையைப் போட்டாள். திரையில் அந்த மணல் கடிகாரம் கொஞ்சம் யோசித்தது. அவ்வளவுதான். ஒப்புக்கொள்ளப்பட்டது, நன்றி, வாழ்த்துகள்!

சரோஜாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஐயையோ... ஜாஸ்தியா கேட்டுட்டோம்டி."

"என்னம்மா, பாதி விலைகூட இல்லம்மா இது!"

"அவன் ஒரு வார்த்தை பேசலையே. மாட்டேன்னு சொல்லலையே. சட்டுனு குடுத்தான்னா அதுல என்னமோ இருக்கு. இன்னும் கொஞ்சம் கொறைச்சுக் கேளு."

"முடியாதும்மா. முடிஞ்சுபோச்சு."

தலையில் கை வைக்கத் தெரியாதவனிடம் எப்படிப் பேரம் பேசுவது? யோசித்துப் பாருங்கள். தோற்றுவிட்டேன் என்று எதிராளி நடிக்கிற அந்த நடிப்பைத்தான் நாம் இத்தனை நாள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். கத்தரிக்காய் சும்மா கூட வந்தது.

ஹோட்டல் பேர் வந்தது. கேள்விப்படாத பேர். ஏர்போர்ட் ரோடு பக்கம். "போய்ப் பார்த்துடலாம்" என்றார் தனபால். பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள், போய்ப் பார்த்து என்ன செய்வது? ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலமே கிளம்பிவிட்டோம். ஆட்டோக்காரர் நாலு பேரைப் பார்த்ததும் மீட்டருக்கு மேல் பாதி, ஒன் அண்ட் ஹாஃப் கேட்டார். சரோஜா அவரிடம் வழிநெடுகப் பேரம் பேசி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கண்ணாடிக் கட்டடம். அக்கம்பக்கத்து மேகத்தையெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொண்டு, தனக்கென்று ஒரு முகமே இல்லாமல் நின்றது. ரிசப்ஷனில் ஒரு பெண் கைகூப்பி, "ஹேளி சார்" என்று கன்னடத்தில் விசாரித்தாள்.

"ரூம் பார்க்கணும்" என்றார் தனபால்.

"தங்கப் போறது நீங்களா சார்?" அவள் உடனே தமிழுக்கு மாறினாள்.

"நாங்க இல்லம்மா. சம்பந்தி ஆகப் போறவங்க. அடுத்த சனிக்கிழமை."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்களோடு ஒரு ரூம் பாயை அனுப்பினாள். என் தங்கை மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். தலையணை உறையைக் கழற்றி முகர்ந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறவரை விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவள் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா! இங்க வந்து பாரு. பாத்ரூம் செவுரு கண்ணாடி!"

ஆமாம். கட்டிலில் உட்கார்ந்தால் குளிக்கிற இடம் பளிச்சென்று தெரிந்தது. "அதான் சட்டுனு குடுத்துட்டான்! அந்தம்மா இதுல எப்படிக் குளிப்பாங்க? பூ வெச்ச மாதிரிதான்!"

ரூம் பாய் ஒரு கயிற்றை இழுத்தார். கண்ணாடியை மூடிக்கொண்டு ஒரு திரை இறங்கியது. தனபால் கயிற்றை வாங்கி ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான் உள்ளே போய் நின்று, வெளியிலிருந்து தெரிகிறேனா என்று கேட்டேன். தெரியவில்லையாம்.

திரும்பி லாபிக்கு வந்தோம். சோபாவில் உட்கார்ந்த நிர்மலா எழுந்திருக்கவில்லை.

"ஒரு ராத்திரி தங்கற ரூமை எவ்ளோ பார்த்தீங்க மாமா... அந்தாளுகூட நான் எத்தனை வருஷம் தங்கணும்?"

சரோஜா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன ஊரு, என்ன உயரம், என்ன சம்பளம். இதானே நமக்குத் தெரியும்? குணம்னு கேட்டா நல்ல குணம்னு போட்டிருக்கு. யாரு போட்டது? அவங்க வீட்ல போட்டது."

"விசாரிச்சோமேம்மா" என்றார் தனபால்.

"யாரை?"

"அவங்க மாமாவைத்தான்..."

நிர்மலா சிரித்துவிட்டாள். சந்தோஷமான சிரிப்பில்லை அது.

"சனிக்கிழமை அவங்க நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் இங்க வந்து அவரைப் பார்க்கப் போறேன். தட்டு தூக்கிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாம் என்னால முடியாது. தனியா பார்க்கணும்னு அவருக்கு நேத்தே மெயில் போட்டுட்டேன். சரின்னு பதிலும் வந்துடுச்சு."

"பொண்ணு போய் மாப்பிள்ளையைப் பார்க்கறதா? ஹோட்டல்ல?" சரோஜா நெஞ்சில் கை வைத்தாள். "தெரிஞ்சா அப்படியே வேலூருக்குத் திரும்பிடுவாங்கடி."

"திரும்பினா ரூமை நாம எடுத்துக்கலாம்மா. நல்லா இருக்கு."

சனிக்கிழமை நான் காவலுக்குப் போனேன். பையன் வீட்டார் சாப்பிட்டுவிட்டு மாடியில் படுத்திருந்தார்கள். பிரபாகர் மட்டும் இறங்கி வந்தான். நான் எட்டத்தில், பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் அவனைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. நிர்மலா காட்டிய நாற்காலியை விட்டுவிட்டு, சுற்றிப் போய் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தான். ஏன்? வாஸ்துவா? அவள் பேசும்போது அவளை நேராகப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தான். வாசலில் யார் வரப் போகிறார்கள்? பிறகு அவன் ரொம்ப நேரம் பேசினான். அவள் அசையாமல் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் திடீரென்று சிரித்தார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் மாடிக்குப் போனதும் நிர்மலா என்னிடம் வந்தாள்.

"மாமா, அவருக்கு இடது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போயிடுச்சாம்."

எனக்குள்ளே ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்டினான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைதட்டினான்.

"நான்தான் சொன்னேனே! மறைச்சுட்டாங்க பார்த்தியா!"

"அவங்க மறைச்சாங்க மாமா. அவரு சொல்லிட்டாரு."

"நீ கேட்டியா?"

"இல்ல. அவரு பேச ஆரம்பிச்சதும் அதைத்தான் முதல்ல சொன்னாரு. வெப்சைட்ல போட வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்களாம். எப்படித் தனியா சொல்றதுன்னு தெரியாம இருந்தாராம். என் மெயில் வந்ததும்தான் தூக்கம் வந்துதாம். அப்புறம்... இவ்ளோ பெரிய ஹோட்டல்ல ரூம் போட்டிருக்காங்களே, பொண்ணுக்கு ஏதாவது குறை இருக்குமோன்னு அவங்க மாமா காலையிலேர்ந்து புலம்பறாராம்."

அதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னபோது சரோஜா அழுதாள். தனபால் கத்தினார். "இப்பவே போன் போடு மச்சான். வர வேணாம்னு சொல்லு. காது கேக்காதவனைக் கட்டிக்கிட்டு என் பொண்ணு..."

"ஒரு காது கேக்குதுப்பா" என்றாள் நிர்மலா. "உங்களுக்கு ரெண்டும் கேக்குது. நான் சொன்னது எது கேட்டிருக்கு?"

தனபால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வந்தார்கள். பஜ்ஜி, காபி, ஏர்போர்ட் ரோடு டிராஃபிக், வேலூர் வெயில். கிளம்பும்போது பிரபாகரின் அம்மா, "ரூம் ரொம்ப வசதிங்க" என்று சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மைதான். வெந்நீர் வந்தது, திரை இறங்கியது, பில்லில் ஒரு பைசா கூட ஏறவில்லை. அந்த வெப்சைட் எங்களை ஏமாற்றவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது... என்ன லாபத்துக்காக ஏமாற்றவில்லை?

ஞாயிறு காலை பூ வைத்தார்கள். புத்தர் படத்துக்கு முன்னால் பாய் விரித்து, பிரபாகரை உட்கார வைத்தோம். நிர்மலா வந்தாள். நின்று ஒரு கணம் பார்த்துவிட்டு, பிரபாகரின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் உக்காரும்மா, அதான் முறை" என்றார் தாய்மாமன்.

அவள் நகரவே இல்லை.