சாயப்பட்டறைப் புகையும் என் டேபிள் ஃபேனும்

இன்று எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

செல்லூரில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே சாயப்பட்டறை. விறகடுப்பு மூட்டினால் புகை நேராக வீட்டுக்குள் வரும்; மகளுக்கு மூச்சிரைக்கும். ஜன்னலை அடைத்தால் தறி ஓடும் வீட்டில் வெந்துபோவோம்.

அதனால் டேபிள் ஃபேனை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, எங்கள் தறித் துணியை நாலு மடிப்பாக முன்னால் கட்டி, ஜன்னலில் பொருத்தினேன்.

ஃபேன் சுற்றியது. காற்று வரவே இல்லை.

மனைவி துணியைத் தொட்டுப் பார்த்தாள். "பாவு நூலுக்குக் கஞ்சி போட்டது நீங்கதான? இந்த விறைப்புல காத்து எங்கிட்டுப் போகும்?"

அலசிக் காயவைத்துக் கட்டிய பிறகு காற்று வந்தது.

இன்று துணியை அவிழ்த்தேன். கரிச்சட்டி துடைத்ததுபோல இருந்தது. பக்கத்தில் மகள் இருமாமல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துணியைக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

பட்டறைக்காரர் வந்தார். "இம்புட்டும் எங்க புகையாண்ணே?"

"பூராவும் உங்களோடதுதான்."

சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே. புகை தாங்க முடியல" என்கிறார்!

செய்துவிடலாம். அவர் புகைபோக்கியை மூடுகிற அளவுக்குத் துணி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை கஞ்சியோடே இருக்கட்டும்.