கத்தரினின் அசதி

பாசிர் கூடாங் தொழிற்சாலைக் கேண்டீனில் பதினெட்டு வருஷமாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறவள் கத்தரின். விடியுமுன் மாசாய் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். அசதியாக இருக்கிறது என்று அவள் வாயிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை. சொன்னால் மட்டும் வேறு யாராவது வந்து கட்டிவிடப் போகிறார்களா என்ன! இரண்டு வருஷமாக அவள் முகம் உப்பி வட்டமாகியிருந்தது. "நல்லா சதை போட்டுட்டியே, அப்படி என்ன சாப்பிடுற?" என்று சர்ச்சில் பெண்கள் கிண்டலடிப்பார்கள். கத்தரின் சிரித்து மழுப்பிவிடுவாள்.

சாப்பிட்டது பொந்தியான் சந்தையில் வாங்கிய முட்டிவலி மாத்திரை. டப்பாவில் ஏதோ வேரின் படம். லோரி ஓட்டி இடுப்பொடிந்துபோன அவள் புருஷன் ரபேல், அதை விழுங்கிய மூன்றாம் நாளே கைப்பிடி பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். அப்புறம் விடுவார்களா? தினமும் காலையில் காப்பியோடு ஆளுக்கு ஒன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஃபெலிசியா, இரண்டு தடவை டப்பாவைக் குப்பையில் எறிந்தாள். இனி தொடமாட்டோம் என்று மாதா படத்துக்கு முன்னால் அம்மாவைச் சத்தியமும் செய்ய வைத்தாள். மறுவாரமே அரிசி டின்னுக்குள் புது டப்பா இருந்தது.

இப்போது நுரையீரலில் கிருமி முற்றி, ரபேல் ஐசியுவில் கிடந்தார். சேர்த்த அன்றே டாக்டர் சுபத்திரா, நாட்டு மருந்து ஏதும் உண்டா என்று கேட்டார். பக்கத்தில் ஃபெலிசியா நின்றிருந்தாள். "இல்ல டாக்டர்" என்றாள் கத்தரின். இவர் கண் திறக்கிற வரை நானும் அந்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கே மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"பிரஷர் ஏத்தற மருந்தக் கூட்டிக்கிட்டே போறோம், ஆண்ட்டி. ரத்தக்குழாய் அசைஞ்சு குடுக்கல. இவ்வளவு பெரிய நோய் வந்தா கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பி ஒரு ஹார்மோன அள்ளிக் கொட்டணும். அது இருந்தாதான் எங்க மருந்துக்கு ரத்தக்குழாய் இறுகும். அங்கிளுக்கு அது சுரக்கலயோன்னு சந்தேகமா இருக்கு. சந்தையில விக்கிற வலி மாத்திரை சிலதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. அத வருஷக்கணக்கா சாப்பிட்டா சுரப்பி வேலைய விட்டுரும். திடீர்னு நிறுத்தினா ஆபத்து. உண்மையச் சொல்லுங்க, அப்படி எதுவும் உண்டா?"

கத்தரின் மகளைப் பார்த்தாள். புருஷன் போய்விட்டால் இந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ரெண்டு வருஷமா, டாக்டர். தினம் ஒண்ணு. காய்ச்சல்ல வாந்தி எடுக்க ஆரம்பிச்சதும் நின்னு போச்சு."

"மம்மி! மாதா முன்னால சத்தியம் பண்ணீங்களே!"

"பொய் சத்தியம்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். நான்தான் பாவி."

டாக்டர் திட்டிக்கொண்டு நிற்கவில்லை, அந்த ஹார்மோன் ஊசிக்குச் சொல்ல உள்ளே ஓடினார். மதியத்துக்குப் பிறகு ரபேலின் ரத்த அழுத்த எண்கள் மெல்ல ஏறின. எழுபது, எண்பத்திரண்டு, தொண்ணூற்றாறு. பிழைத்துக்கொள்வார் போலிருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஃபெலிசியா முகத்தைத் திருப்பிக்கொண்டே அம்மாவின் கையில் பால் விடாத தே ஓ கோப்பை ஒன்றை வைத்தாள்.

புருஷனைப் பார்க்கலாம் என்று கத்தரின் எழுந்தாள். கண் இருட்டியது. தேநீர் சிந்த, சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்த டாக்டர் அவளுடைய வட்ட முகத்தையும், முழங்கையில் கன்றிப்போன நீலத் திட்டுகளையும் பார்த்தார்.

"ஆண்ட்டி, நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"நிறுத்திட்டேன், டாக்டர். மூணு நாளாச்சு. மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்."

"ஐயோ! தலை சுத்துதா? வாந்தி வருதா?"

"எப்பவும் உள்ளதுதான்..."

டாக்டர் அவளை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எழுபத்தெட்டு. "இவங்களுக்கும் உடனே ஊசி போடணும்" என்று நர்ஸைக் கூப்பிட்டார். ஃபெலிசியா அந்த எண்ணையே பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதாள்.

"ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாம்ல, மம்மி?"

கத்தரின் மகளின் தலையைத் தடவினாள். கையைத் தூக்குவதே பாரமாக இருந்தது.

"இப்ப சொல்றேன், பாப்பா. ரொம்ப அசதியா இருக்கு."