வீட்டுக்கு ஒரு குறை

சாவிக்கொத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கைப்பையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு வீட்டுச் சாவிகள் கலகலப்பதால் வந்த பெயர் அது. வீடு விற்றுக்கொடுக்கும் தரகு வேலைக்குக் கோபம் ஆகாது என்று பலர் அவளிடம் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களில் ஒருவராவது ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் வீடு பார்க்க வரும் கூட்டத்தை மூன்று மாடி ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். வாங்கும் எண்ணம் துளியும் இருக்காது. ஆனால் குழாயைத் திறப்பார்கள், அடுத்தவர் அலமாரியைத் திறப்பார்கள், "கொஞ்சம் இருட்டா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவார்கள்.

விற்கிறவர்கள் அதற்கும் மேல். ஓதம் ஏறிய சுவரில் முந்தின நாள் பெயிண்டைப் பூசிவிட்டு, வீட்டைக் கண்ணைப் போல் பார்த்துக்கொண்டதாகக் கதை விடுவார்கள். மழை வந்ததும் சுவர் பல்லிளிக்கும். வாங்கியவர் யாருக்குப் போன் போட்டுத் திட்டுவார்? விற்றவருக்கா? அவர்தான் நம்பரையே மாற்றியிருப்பாரே.

அப்படித் திட்டு வாங்கி வாங்கித்தான் அவள் இரண்டு வழக்கங்களை வைத்துக்கொண்டாள். ஒன்று, வீட்டுக்கு ஒரு குறையை அவளே முந்திச் சொல்லிவிடுவாள். உள்ளே நுழைந்ததும், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். இன்னொன்று, வீடு காட்டும்போது வீட்டு ஆட்கள் யாரும் இருக்கக்கூடாது. இருந்தால் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

அன்றைக்குக் காட்டியது ஓய்வுபெற்ற மேனேஜர் ஒருவரின் வீடு. அவர் வேறு ஊரில் மகனோடு இருந்தார். இங்கே குடியிருந்தது அவருடைய அக்கா. கல்யாணம் ஆகாதவள், பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். வீட்டை மட்டும் அப்பா மகன் பேருக்கு எழுதிவிட்டார்.

"அக்கா எங்க கூடவே வந்துடறாங்க. அவங்களுக்கு ஏக சந்தோஷம்" என்றிருந்தார் மேனேஜர். "உங்க வழக்கப்படியே நானே ஊருக்கு வந்து அவங்கள அந்த நேரம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

பத்திரத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அலசி ஆராய்ந்து பார்த்திருந்தாள். அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேசத்தான் தோன்றவில்லை.

வந்தவர்கள் ஒரு நர்ஸும் அவள் கணவனும். முகத்தைப் பார்த்தாலே வாங்குகிறவர்கள் என்று தெரிந்தது.

"சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கு. பகல்லயும் லைட் போடணும். அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது" என்றாள் சாவிக்கொத்து.

நர்ஸ் சிரித்தாள். "பரவால்ல, நான் பகல்ல எங்க வீட்ல இருக்கப்போறேன்?"

நடு அறையில் கட்டில் போட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அலமாரியில் புடவைகள் அடுக்கியபடியே இருந்தன. போகப்போகிற ஆள் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லையே என்று அவள் நினைப்பதற்குள் வாசலில் மேனேஜர் தலையை நீட்டினார். வரக்கூடாது என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அக்காவை வரிசையில உக்கார வெச்சுட்டு சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் பின்னாலேயே கேட் திறந்தது. கண் டாக்டர் லீவாம். அக்கா தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். புது முகங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நேரே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கூரை ரிப்பேருக்கு அளக்க வந்தவங்கதானே? தம்பி சொன்னான். மழைக்கு முன்னாடி முடிச்சுடுவீங்கல்ல? என் கட்டில் மேலதான் சொட்டுது."

"அவங்கதான்க்கா. நீ போய் படு" என்றார் மேனேஜர். சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூட்டுக் களவாணியைப் பார்ப்பது போலல்லவா பார்க்கிறான் இந்த ஆள்! இவளுடைய வழக்கத்தையே எடுத்து இவள் தலையிலும் அக்கா தலையிலும் சேர்த்து மிளகாய் அரைத்திருக்கிறான். ஆளில்லாத வீடாகக் கேட்டது யார்? இவள்தானே. அந்த நினைப்பில் அவள் கோபம் இரண்டு மடங்கானது.

நர்ஸின் பக்கம் திரும்பினாள்.

"நான் முதல்ல சொன்ன குறைய விடுங்கம்மா. இந்த வீட்டோட குறை வேற. இதுல குடியிருக்கறவங்களுக்கு, வீட்டை விக்கறதே தெரியாது."

நர்ஸ் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை மேஜையில் வைத்தாள். அவள் கணவன் செருப்பைத் தேடினான்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "எந்த வீட்டை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்..." என்று இழுத்தவர், சாவிக்கொத்தின் மேல் பாய்ந்தார். "புரோக்கர்னா புரோக்கர் வேலைய மட்டும் பாக்கணும்! குடும்ப விஷயத்துல உனக்கென்ன?"

"அதைத்தான்யா பாக்கறேன். சுவத்துல ஓதம் இருந்தாலே சொல்றவ நான். உயிரோட ஒரு ஆளு இருக்கறதைச் சொல்லாம விட்டுடுவேனா? கண்ணையா சிமிட்டற?"

பதினைந்து வருடத் தொழிலில் விற்பனைக்குக் கொடுத்தவரை அவள் வாய்யா போய்யா என்று பேசியதில்லை. அன்று பேசினாள், மனம் கொஞ்சமும் உறுத்தவில்லை. கைப்பையைக் கிளறி அந்த வீட்டுச் சாவியைத் தேடி எடுத்தாள். மேனேஜர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவரைத் தாண்டிப் போய் அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாசக்கதவுச் சாவிம்மா. உங்களுக்குத் தெரியாம எங்கிட்ட குடுத்திருந்தாரு. நான் உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

அக்கா அந்தச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. தம்பிக்கு நேராக இன்னொரு கையை நீட்டினாள்.

"உன்கிட்ட இருக்கறதையும் குடு."